சிரிக்க வைத்த மெஹ்மூத்: தெற்கில் வாங்கிய கடனும் திருப்பித் தந்த விதமும்



இந்திப் படவுலகில் 1960களில் ஒரு வழக்கம் இருந்தது. புதுப்படத்தை விலை பேச வரும் விநியோகஸ்தர்கள் கதாநாயகன் பெயரைக் கேட்டுக்கொண்ட கையோடு, படத்தில் மெஹ்மூத் இருக்கிறாரா என்றும் கேட்பார்கள். இருக்கிறார் என்றால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி. நகைச்சுவை நடிகர் ஒருவரின் முகம் சுவரொட்டியில் நாயகனின் முகத்துக்குப் பக்கத்தில், ஏறத்தாழ அதே அளவில் அச்சாகிய காலம் அது.

அந்த மெஹ்மூத்தின் பெயர் தமிழர் வீடுகளில் அடிபடும்போது இரண்டு விதமான பேச்சு எழும். வயிறு குலுங்கச் சிரித்த கதையைச் சிலர் சொல்வார்கள். ‘மதராசி’ என்று தென்னாட்டாரைக் கேலிப்பொருளாக்கியவர் அவர்தானே என்று வேறு சிலர் முகம் சுளிப்பார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அவருடைய வாழ்க்கையை முழுதாகப் பார்த்தால் இந்த இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது உண்மை ஒன்றும் தெரிய வரும். அதைப் பார்ப்பதே இந்த உரையின் நோக்கம்.

கார் ஓட்டிய கலைஞர் மகன்

1932ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் பம்பாயில் பிறந்தவர் மெஹ்மூத். தந்தை மும்தாஜ் அலி, புகழ்பெற்ற பாம்பே டாக்கீஸ் நிறுவனத்தின் படங்களில் ஆடியும் நடித்தும் பெயர் பெற்றவர். தங்கை மீனு மும்தாஜும் பின்னாளில் நடன நடிகையாக விளங்கினார்.

1943இல் வெளியான ‘கிஸ்மத்’ படத்தில் அசோக்குமாரின் சிறுவயது வேடத்தில் மெஹ்மூத் தோன்றினார். கல்கத்தாவின் ராக்சி திரையரங்கில் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிய படம் அது. பத்து வயதில் அப்படியொரு வெற்றிப்படத்தில் முகம் காட்டிய பையனுக்கு, அடுத்த பத்தாண்டுகளில் படவுலகின் கதவு திறக்கவே இல்லை. தந்தையின் நல்ல காலம் முடிந்துபோயிருந்தது. பிழைப்புக்காக மெஹ்மூத் பல வேலைகள் செய்தார். இயக்குநர் பி.எல். சந்தோஷி போன்றவர்களிடம் கார் ஓட்டினார். நடிகை மீனாகுமாரிக்கு மேசைப்பந்து கற்றுக்கொடுத்தார். பின்னர் மீனாகுமாரியின் தங்கை மதுவையே மணந்துகொண்டார்.

அந்த நாள்களைப் பற்றிப் படவுலகில் ஒரு கதை சொல்வார்கள். ஒரு படப்பிடிப்பில் துணை நடிகர் ஒருவர் ஒரே ஒரு வரி வசனத்தைத் திரும்பத் திரும்பத் தவறவிட, அங்கே நின்றிருந்த காரோட்டி மெஹ்மூத்தைப் பேசச் சொன்னார்களாம். ஒரே தடவையில் பேசி முடித்தார். அந்த ஒரு வரிக்குக் கிடைத்த பணம் அவருடைய பல மாதச் சம்பளத்தைவிட அதிகமாம். கார்ச் சாவியைக் கீழே வைக்க முடிவு செய்தது அன்றைக்குத்தான் என்பார்கள்.

சாவியை வைத்தாரே தவிர, உயரம் உடனே வந்துவிடவில்லை. பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ (1953) படத்தில் கடலை விற்பவர், ‘சி.ஐ.டி.’ (1956) படத்தில் கொலைகாரர். குருதத்தின் ‘பியாசா’ (1957) படத்தில் நாயகனை வீட்டில் வைத்துக்கொள்ள மனமில்லாத அண்ணன். சிரிப்புக்கும் இவருக்கும் தொடர்பு உண்டு என்று அப்போது யாரும் ஊகித்திருக்க முடியாது.

தெற்கிலிருந்து வந்த ஏணி

இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி வருகிறது. மெஹ்மூத்தை மேலே தூக்கிவிட்ட படிக்கட்டுகள் ஒவ்வொன்றும் தென்னகத்திலிருந்து சென்றவை.

1961இல் வந்த ‘சசுரால்’ அவரை முழு நகைச்சுவை நடிகராக நிலைநிறுத்தியது. அது ‘இல்லரிகம்’ என்ற தெலுங்குப் படத்தின் மறுபதிப்பு, தயாரித்தவர் எல்.வி. பிரசாத், இயக்கியவர் டி. பிரகாஷ்ராவ். அடுத்த ஆண்டு ‘தில் தேரா தீவானா’ வந்தது. இயக்குநர் வேறு யாருமில்லை, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ தந்த பி.ஆர். பந்துலு. அவருடைய ‘சபாஷ் மீனா’தான் இந்தி பேசியது. சந்திரபாபு செய்த வேடத்தை ஏற்ற மெஹ்மூத்துக்குச் சிறந்த துணை நடிகருக்கான பிலிம்பேர் விருது கிடைத்தது.

பிறகு வந்தார் ஸ்ரீதர். ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ செல்லப்பாவாக வந்து, தந்தை பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை எந்தத் தமிழர் மறந்திருப்பார்? 1966இல் அதை ஸ்ரீதரே ‘பியார் கியே ஜா’ என்று இந்தியில் எடுத்தபோது, ‘வாஹ் வாஹ் புரொடக்‌ஷன்ஸ்’ முதலாளியாகி, ஓம்பிரகாஷுக்குக் கதை சொன்னவர் மெஹ்மூத். சிறந்த நகைச்சுவை நடிகருக்கென்று பிலிம்பேர் ஒரு தனி விருதை முதன்முதலாக வழங்கியபோது, அதைப் பெற்றவர் இந்தப் படத்தில் நடித்த மெஹ்மூத்தான்.

அதோடு நிற்கவில்லை. ‘சாது மிரண்டால்’ இந்தியில் ‘சாது அவ்ர் சைத்தான்’ ஆனது. ‘சர்வர் சுந்தரம்’ ‘மேன் சுந்தர் ஹூன்’ ஆனது. ‘எதிர்நீச்சல்’ ‘லாகோன் மே ஏக்’ ஆனது. ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ ‘பாம்பே டு கோவா’ ஆனது. ‘அனுபவி ராஜா அனுபவி’ ‘தோ பூல்’ ஆனது. இத்தனையிலும் மெஹ்மூத் இருந்தார். தமிழில் நாகேஷ் ஓடி விழுந்து எழுந்த பாதையில் இந்தியில் அவர் ஓடினார். இருவருக்கும் வயதில் ஓர் ஆண்டுதான் வித்தியாசம். நாகேஷின் உடல் நூல் பொம்மையைப் போல நாலா பக்கமும் ஆடும். மெஹ்மூத்தின் பலம் வேறு: பேச்சின் ஏற்ற இறக்கம், வட்டாரக் கொச்சை, அந்த வேடத்துக்கென்றே ஒரு நடை. நடந்து காட்டியவர் நாகேஷ் என்றாலும், மெஹ்மூத் பார்த்து எழுதியவர் அல்லர். தமக்கென்று ஒரு கையெழுத்து வைத்திருந்தவர்.

ஒரு படத்துக்குள் இரண்டு படம்

அவருக்கு முன் இந்திப் படங்களில் சிரிப்புக்கு அரசராக இருந்தவர் ஜானி வாக்கர். பம்பாயில் பேருந்து நடத்துநராக இருந்தவர். குருதத் கொடுத்த பெயரைத் தாங்கிக்கொண்டு கடைசிவரை மது அருந்தாமல் வாழ்ந்தவர். அவருடைய நகைச்சுவை கதைக்குள் மெதுவாக வந்து போகும்.

மெஹ்மூத் காலத்தில் இந்த அமைப்பு மாறியது. நகைச்சுவைக்கென்று தனிக் கதையே பின்னப்பட்டது. அவருக்கு ஒரு காதலி வேண்டும், பெரும்பாலும் ஷோபா கோட்டே. அந்தக் காதலியின் தந்தை முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும், பெரும்பாலும் துமாள். முகமது ரபியோ மன்னா டேயோ பின்னணி பாட, அவருக்கென்று ஒரு பாடலும் வேண்டும். ‘ஜித்தி’, ‘லவ் இன் டோக்கியோ’ எல்லாம் இந்த அச்சில் வார்த்தவைதாம். நாயகன் நாயகி கதை ஒரு பக்கம் அழுதுகொண்டிருக்க, மறுபக்கம் மெஹ்மூத்தின் கதைக்கு அரங்கம் கைதட்டும். இவரோடு நடிக்கச் சில நாயகர்கள் தயங்கியதாகவும் பேச்சு உண்டு. தயங்கியிருந்தால் அதில் வியப்பில்லை.

‘மதராசி’ வாத்தியார்

1968இல் வந்த ‘படோசன்’ படத்துக்கு வருவோம். மெஹ்மூத்தும் என்.சி. சிப்பியும் சேர்ந்து தயாரித்த படம். மூலக்கதை வங்காளத்தது. அதே கதை அதற்கு முன்பே, 1960இல், ‘அடுத்த வீட்டுப் பெண்’ என்று தமிழில் வந்து சக்கைப்போடு போட்டது. இந்தியில் சுனில்தத் நாயகன், கிஷோர்குமார் அவருக்குத் துணை, சாய்ராபானு நாயகி. அவளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் மாஸ்டர் பிள்ளையாக, குடுமியும் வேட்டியுமாக வந்தார் மெஹ்மூத்.

கிஷோர்குமார் இதில் நடித்ததற்கும் ஒரு கதை உண்டு. ஆரம்ப நாள்களில் மெஹ்மூத் அவரிடம் வாய்ப்புக் கேட்டாராம். எனக்கே போட்டியாக வரப்போகிறவனுக்கு எப்படி வாய்ப்புக் கொடுப்பது என்று கிஷோர் சிரித்தாராம். ஒருநாள் நான் படம் எடுத்து உங்களுக்கு வேடம் தருகிறேன் என்று மெஹ்மூத் சொன்னாராம். சொன்னதைச் செய்துவிட்டார்.

மாஸ்டர் பிள்ளையின் பேச்சைக் கேட்டுத் தென்னாட்டார் பலர் வருந்தியது உண்மை. இந்தியைக் கடித்துத் துப்பும் கருத்த மனிதன் என்ற ஒரு வார்ப்பு, பின்னால் எத்தனையோ படங்களில் எத்தனையோ பேர் எடுத்து வீசும் மலிவுச் சரக்கானது. தெற்கிலிருந்து இத்தனை வேடங்களை வாங்கிக்கொண்டவர் தெற்குக்குத் தந்த பரிசு இதுதானா என்ற கேள்வி நியாயமானது. அதைப் பூசி மெழுகத் தேவையில்லை.

ஆனால் அந்தப் படத்தை ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டும். அதில் வரும் பாட்டுப் போட்டியில் உண்மையாகவே சங்கீதம் தெரிந்தவர் மாஸ்டர் பிள்ளை ஒருவரே. அவருக்காகக் குரல் கொடுத்த மன்னா டேயும் முறையாக இசை பயின்றவர். எதிரே நிற்கும் நாயகனுக்குப் பாடவே வராது. மறைந்திருந்து நண்பன் பாட, அவன் வாயை மட்டும் அசைக்கிறான். வித்தை தோற்கிறது, தந்திரம் வெல்கிறது. ராஜரத்தினம் பிள்ளை போன்ற மேதைகளால் ‘பிள்ளை’ என்ற சொல் இசையோடு ஒட்டிக்கிடக்கும் சமூகத்துக்கு இதைப் பார்க்கச் சற்று வலிக்கும். அந்த வலியை மெஹ்மூத் மறைக்கவில்லை. தோற்ற மனிதனின் திகைப்பை அவர் முகத்தில் காட்டிய விதத்தில், பரிகாசத்தோடு பரிவும் இருக்கிறது. இன்றைக்கும் அந்தப் படத்தில் நெஞ்சில் தங்குபவர் நாயகனா, வாத்தியாரா என்று பார்த்தவர்களைக் கேட்டால் விடை தெரிந்துவிடும்.

இதே மனிதர்தான் ‘கும்நாம்’ (1965) படத்தில் ஹைதராபாத் வட்டாரப் பேச்சு பேசும் சமையற்காரராக வந்து, கறுப்பாக இருந்தால் என்ன குறை என்று ஹெலனோடு ஆடிப் பாடியவர். அழகில்லாதவன், ஏழை, பேச்சு திருந்தாதவன் என்று ஒதுக்கப்பட்டவர்களைத்தான் அவர் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார். ‘சர்வர் சுந்தரம்’ அவரைக் கவர்ந்ததும் அதனால்தான் போலும்.

பிறரை ஏற்றிவிட்டவர்

கார் ஓட்டிய காலத்தை மெஹ்மூத் மறக்கவில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. அவர் தயாரித்த ‘சோட்டே நவாப்’ (1961) படத்தில்தான் ஆர்.டி. பர்மன் இசையமைப்பாளராக அறிமுகமானார். ராஜேஷ் ரோஷனுக்கு முதல் படம் தந்ததும் மெஹ்மூத்தான். அமிதாப் பச்சன் பெயர் பெறுவதற்கு முன் மெஹ்மூத்தின் தம்பி அன்வர் அலியின் நண்பராக அந்த வீட்டில் தங்கியிருந்தார். அடுத்தடுத்துப் படங்கள் சரியாக ஓடாத நிலையில் ‘பாம்பே டு கோவா’வில் (1972) அவர் நாயகனானார். எஸ். ராமநாதன் இயக்கிய அந்தப் படத்தில் வரும் சண்டைக்காட்சியைப் பார்த்துத்தான் ‘சஞ்சீர்’ படத்துக்கு அமிதாப்பின் பெயர் சொல்லப்பட்டது என்பார்கள்.

மகனுக்காக ஒரு படம்

1974இல் மெஹ்மூத் இயக்கி நடித்த ‘குன்வாரா பாப்’ வெளிவந்தது. கைவிடப்பட்ட குழந்தையை எடுத்து வளர்க்கும் ஓர் ஏழை ரிக்‌ஷாக்காரன். அந்தக் குழந்தையை இளம்பிள்ளை வாதம் தாக்குகிறது. குழந்தையாக நடித்தவர் மெஹ்மூத்தின் சொந்த மகன் மக்கி அலி. மகனுக்கு உண்மையிலேயே அந்த நோய் இருந்தது. சிரிக்க வைப்பதே தொழிலாகக் கொண்டவர், தம் வீட்டுத் துயரத்தைத் திரையில் வைத்து, பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து கொடுங்கள் என்று நாட்டைக் கேட்டுக்கொண்டார்.

அப்படிக் கேட்டபோது இந்தியாவில் அந்த நோய் வீட்டுக்கு வீடு அச்சமாக இருந்தது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில்தான் அங்கே இயற்கை வகைக் கிருமியால் தாக்கப்பட்ட கடைசி இளம்பிள்ளை வாத நோயாளி பதிவானார். 2014 மார்ச் 27ஆம் நாள் நோயற்ற வட்டாரமாகச் சான்றிதழ் வழங்கப்பட்டது. இதைக் காண மெஹ்மூத் இல்லை. சொட்டு மருந்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர்களின் வெற்றி அது. ஆனாலும், அரங்கம் நிரம்பச் சிரித்துக்கொண்டிருந்த மக்களிடம் அந்தச் செய்தியைச் சொல்லத் துணிந்தவர் என்ற பெருமை அவருக்கு உரியது.

மாறிய காற்று

அதற்குள் காலம் திரும்பிவிட்டது. கோபக்கார நாயகனே சிரிக்கவும் வைக்கத் தொடங்கினார். 1977இல் ‘அமர் அக்பர் ஆண்டனி’யில் அமிதாப் செய்த கூத்துக்குப் பிறகு, நகைச்சுவைக்கென்று தனிக் கதையும் தனி நடிகரும் எதற்கு என்று தயாரிப்பாளர்கள் நினைத்தார்கள். தாம் வளர்த்த பிள்ளை தம் இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டதைப் பார்க்கும் நிலை மெஹ்மூத்துக்கு. அவருடைய பின்னாளையப் படங்களில் சிரிப்பு குறைந்து கண்ணீர் மிகுந்ததும் ஒரு காரணம் எனலாம்.

ஆனாலும் நன்றிக்கடன் ஒன்று அவரைத் தேடி வந்தது. அவர் யாருக்குக் கார் ஓட்டினாரோ அந்தச் சந்தோஷியின் மகன் ராஜ்குமார் சந்தோஷி, 1994இல் ‘அந்தாஸ் அப்னா அப்னா’ படத்தில் மெஹ்மூத்தை நடிக்க வைத்தார். வேடம் என்ன தெரியுமா? மறுபடியும் ‘வாஹ் வாஹ் புரொடக்‌ஷன்ஸ்’ முதலாளி! நாகேஷின் ‘ஓஹோ’ முப்பது ஆண்டு கடந்தும் எதிரொலித்தது.

இறுதிக்காலத்தை மெஹ்மூத் பெங்களூரில் கழித்தார். மூச்சுக் கோளாறும் இருதய நோயும் வாட்டின. சிகிச்சைக்காக அமெரிக்கா சென்ற அவர், பென்சில்வேனியாவில் 2004 ஜூலை 23ஆம் நாள் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். வயது 71. அவருடைய மகன் லக்கி அலி பாடகராகப் புகழ் பெற்றவர் என்பதை இசை ரசிகர்கள் அறிவார்கள்.

நேயர்களே, மெஹ்மூத் நம்மைக் கேலி செய்தாரா என்று கேட்டால், செய்தார். நம்மிடமிருந்து கற்றாரா என்றால், அதைவிட அதிகமாகக் கற்றார். அடுத்த தடவை அவருடைய பழைய படம் தொலைக்காட்சியில் வந்தால், பிள்ளைகளோடு உட்கார்ந்து சிரியுங்கள். சிரித்து முடித்ததும், இதைத் தமிழில் முதலில் செய்தவர் யார் தெரியுமா என்று அவர்களுக்கு நாகேஷையும் சந்திரபாபுவையும் சொல்லிக்கொடுங்கள். மெஹ்மூத்துக்கும் அது பெருமைதான். அவருக்கு முன்னால் நடந்தவர்களுக்கு அது நாம் செலுத்தும் மரியாதை.