நாளைய தலைவர்களும் நமது திருச்சபையும்

(கொழும்பு வெள்ளவத்தையில் வாலிபரும் பெற்றோரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



எதிர்காலத் தலைவர்களைக் கிறிஸ்தவ நோக்கில் உருவாக்குவது எங்ஙனம் என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். இப்பொருளைக் கற்பிக்கும் வகுப்புகள் இன்று கொழும்பிலே பல உண்டு. மேடையிலே எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது, கூட்டத்தை எப்படி நடத்துவது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்து, ஈற்றில் ஒரு சான்றிதழும் வழங்குகின்றார்கள். அவற்றைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆனால் நமது மக்களிடையே உண்மையில் தலைவர்களாக விளங்கிய கிறிஸ்தவர்களின் வரலாற்றைப் பார்க்குமிடத்து, அவர்களுள் எவரும் அத்தகைய சான்றிதழோடு வந்தவரல்லர். இளமையிலே ஒரு பாரம் அவர்கள் தோளிலே வைக்கப்பட்டது. அதனைச் சுமந்து சுமந்தே அவர்கள் தலைவர்களானார்கள்.

வட்டுக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் அங்கே ஒரு செமினரியை நிறுவினர். டானியல் பூர் பாதிரியார் அதன் முதல் அதிபர். தமிழும் ஆங்கிலமும், கணிதமும் வானசாத்திரமும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1841 இல் 'உதயதாரகை' தோன்றியபொழுது அதன் ஆசிரியர்களாக அமர்ந்தவர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் அச்செமினரியின் பழைய மாணவர்கள் இருவர். ஒரு பத்திரிகையையே நம்மவர் கையிலே கொடுத்தார்கள். அதுவன்றோ பயிற்சி!

ஆனால் 1855 இல் பொஸ்ரனிலிருந்து ரூபஸ் அண்டர்சன் தலைமையில் ஒரு தூதுக்குழு வந்தது. கற்றவர்கள் ஊழியத்துக்கு வருவதை விட்டு அரசாங்க உத்தியோகத்தைத் தேடி ஓடுகின்றார்கள் என்று அக்குழு கண்டது. செமினரி மூடப்பட்டது. அவர்கள் சொன்னதிலே உண்மை இல்லாமலில்லை. உத்தியோக மோகம் அன்றைக்கே நம்மைப் பிடித்துவிட்டது. எனினும் 1857 இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும், அந்த மூடப்பட்ட செமினரியிலே படித்தவர்கள். செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்துப் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய தாமோதரம்பிள்ளை, சைவராகவே மறைந்தார். திருச்சபையின் பதிவேட்டை மட்டும் பார்ப்பவனுக்கு அவர் நஷ்டக் கணக்கு. தமிழைப் பார்ப்பவனுக்கோ அவர் பெருஞ்செல்வம். விதைத்தவன் அறுவடைக்குக் காத்திராமல் வரம்பை வெட்டிவிட்டுப் போய்விட்டான் என்பதே நமது எண்ணம். இங்கே அமர்ந்திருக்கும் கமக்காரச் சகோதரர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பின்னர் பழைய மாணவர்களே முயன்றார்கள். 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

வேதாகமத்திலே இதற்கு ஒப்பான ஒரு சம்பவம் உண்டு. மாற்கு என்னும் இளைஞன் பவுலோடும் பர்னபாவோடும் புறப்பட்டு, பம்பிலியாவிலே அவர்களை விட்டுத் திரும்பிவிட்டான். மறுமுறை அவனை அழைத்துப் போகலாகாது என்றார் பவுல். பர்னபா கேட்கவில்லை. கடுமையான வாக்குவாதம் உண்டாகி, அவ்விரு பெரியவர்களுமே பிரிந்து போயினர். பர்னபா மாற்குவைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். முடிவிலே, சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், மாற்குவை அழைத்து வா, அவன் எனக்குப் பயன்படுவான் என்று கேட்பவர் அதே பவுல்தான். நமது சபைகளிலே பவுல்மார் தாராளமாக இருக்கின்றார்கள். பர்னபாக்களைத்தான் காணோம்.

நிற்க. இந்த நூற்றாண்டுக்குச் சற்று அருகே வருவோம். 1924 இல் யாழ்ப்பாணத்து மாணவர் காங்கிரசைத் தொடங்கி நடத்தியவர்களுள் முன்னின்றவர் ஹண்டி பேரின்பநாயகம். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து மட்டில். சாதி வேறுபாட்டை எதிர்த்துச் சமபந்தியும் சமஆசனமும் கேட்டவர்கள் அந்த இளைஞர்கள். 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்களும் அவர்களே. 1931 இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது சரியா, பிழையா என்பது இன்றும் வாதத்துக்குரியது. அது இன்றைய பொருளன்று. கிறிஸ்தவ கலாசாலையிலே வளர்ந்த அவர் பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தார் என்பதைக் கவனியுங்கள். தம் மதத்தவர் அல்லாதவர் தம் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் தகுதியே கிறிஸ்தவ தலைமைக்கு உரைகல் என்று நாம் கருதுகின்றோம். (சமபந்தி கோவிலிலே வந்துவிட்டது, கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டிலே வந்துவிட்டதா என்பதை ஒவ்வொருவரும் தத்தம் மனத்தைக் கேட்டுக்கொள்ளட்டும்.)

தந்தை செல்வாவும் அந்த உரைகல்லிலே தேறியவர். ஆசிரியராயிருந்து, அப்புக்காத்தாகி, 1947 இல் பாராளுமன்றம் புகும்பொழுது எஸ். ஜே. வி. செல்வநாயகத்துக்கு வயது 49. 1952 இல் காங்கேசன்துறையில் அவர் தோற்ற தேர்தலில், கிறிஸ்தவர் என்பதும் அவருக்கு எதிராகப் பேசப்பட்டது. அவர் தமது மதத்தை மாற்றவுமில்லை. மேடையிலே அதைக் காட்டி வாக்குக் கேட்கவுமில்லை. 1956 இல் அதே சைவப் பெருமக்கள் அவரைத் தெரிந்தனுப்பினர். அவருடைய அரசியல் முடிவுகளை ஒப்பாதவர்களும் அவரது நேர்மையை ஒப்பினார்கள். ஆயினும் இன்றைய பொருளுக்கு வேண்டியது வேறொன்று. 1949 டிசம்பர் 18 ஆந் தேதி மருதானையிலே தமிழரசுக் கட்சி தொடங்கியபொழுது அமிர்தலிங்கத்துக்கு வயது 22. 1952 இல், 24 வயதிலே, வட்டுக்கோட்டைத் தொகுதியின் வேட்பாளராக அவர் நிறுத்தப்பட்டார்; தோற்றார். தோற்றவரை ஒதுக்கிவிடாமல் 1956 இல் மீண்டும் நிறுத்தினார்கள், வென்றார். பர்னபா செய்ததும் இதுவே.

இன்னும் ஒருவரைக் கூறி இப்பகுதியை முடிப்போம். மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியிலே கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழுவின் முன் சென்றபொழுது ஆவேசச் சொற்பொழிவு செய்யவில்லை. கச்சேரிக் கணக்கை எடுத்துச் சென்றார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோர் 429,059. போரின் ஈற்றில் அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. மீதி 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். ஆண்டகை 2021 இல் மறைந்தார். அக்கேள்வி மறையவில்லை. ஒரு கூட்டல் கழித்தலைச் சரியாகச் செய்து, அஞ்சாமல் எழுந்து வாசிப்பதும் தலைமைதான். நமது பிள்ளைகள் எத்தனை பேருக்கு அந்தப் பயிற்சி கிடைத்திருக்கின்றது?

வெள்ளவத்தையிலே பிள்ளைகளின் நாள் ரியூசனோடு விடிந்து ரியூசனோடு முடிகின்றது. ஞாயிறன்று பாடகர் குழுவிலே நன்றாகப் பாடுகின்றார்கள். கிறிஸ்துமஸ் நாடகம் நடிக்கின்றார்கள். ஆனால் சபையின் பணம் எங்கிருந்து வருகின்றது, எங்கே போகின்றது என்று அவர்களுக்குத் தெரியாது. நிர்வாகக் குழுவிலே அதே பெயர்கள் ஆண்டுதோறும் வருகின்றன. ஞாயிறு பள்ளியைத் தாங்கி நிற்போர் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். குழு கூடும்பொழுது அவர்கள் தேநீர் கொண்டுவருகின்றார்கள். 1824 இலேயே உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை கண்ட சமூகத்துக்கு இது அழகன்று. பிறகு அவர்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டால், ஐயோ, இளைஞர் இல்லையே என்கின்றோம். 1983 க்குப் பின் அஞ்சி ஓடியவர்களை நாம் ஒருபோதும் பழிக்கமாட்டோம். ஆனால் இங்கே தமக்கென ஒரு வேலை இருந்ததாக ஒருநாளும் உணராமற் போகின்றவனைப் போகவிட்ட பழி நம்மைச் சேரும்.

கொட்டாஞ்சேனைக்குப் போனால் வேறு காட்சி. புனித லூசியாள் பேராலயத்தைச் சூழ்ந்த அத்தெருக்களிலே துறைமுகத் தொழிலாளரும், கடைச் சிப்பந்திகளும், மலைநாட்டிலிருந்து பிழைப்புக்கு வந்தோரும் வாழ்கின்றார்கள். அரசாங்க அலுவலகத்திலிருந்து சிங்களத்திலே வரும் கடிதத்தைக் கையிலே வைத்துக்கொண்டு, வாசித்துச் சொல்ல ஆளின்றித் தவிப்போர் அங்கே உண்டு. தமிழும் அரசகரும மொழி என்று சட்டம் சொல்கின்றது. கடிதமோ சட்டத்தைக் கேட்டு வருவதில்லை. வெள்ளவத்தையிலே மும்மொழியும் அறிந்த பிள்ளைகள் இருக்கின்றார்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே நூறாம் இலக்க பஸ் இல்லாவிட்டாலும், தூரம் ஒன்றும் பெரிதன்று.

ஆகையால் இரண்டு காரியங்களை இக்கூட்டத்தின் முன் வைக்கின்றோம். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட இருவரிடம், அவருள் ஒருவர் பெண்ணாக, சபையின் நிவாரண நிதிக் கணக்கை முழுமையாக ஒப்படையுங்கள். மூத்த கணக்காளர் ஒருவர் மாதந்தோறும் பரிசோதிக்கட்டும். ஆனால் ஆண்டுக் கூட்டத்திலே எழுந்து கணக்கை வாசித்துக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அவ்விருவருமே. பிழை வந்தால் திருத்துவதற்கு அவர்களுக்கே இன்னும் ஓர் ஆண்டு கொடுங்கள்.

மற்றது, சனிக்கிழமை பிற்பகலிலே கொட்டாஞ்சேனையில் ஒரு மேசையும் நாலு கதிரையும் போட்டு, வருகின்றவர் எம்மதத்தவராயினும், கடிதம் வாசித்துக் கொடுக்கவும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும் நமது வாலிபர்கள் அமரவேண்டும். வன்னியிலும் கிழக்கிலுமுள்ள கமக்காரர்கள் காணி அனுமதிப்பத்திரம், நட்டஈடு ஆகியவை பற்றி வரும் கடிதங்களின் பிரதிகளைத் தபாலிலே அனுப்பலாம். மூலப் பத்திரத்தை மாத்திரம் கைவிட வேண்டாம். காணிச் சட்டம் அறிந்த வழக்கறிஞர்கள் இச்சபையிலே இருக்கின்றார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர்கள் பிள்ளைகளின் அருகே அமர்ந்தாற் போதும். ரியூசன் வகுப்பு ஒன்று குறையும் என்று பெற்றோர் முணுமுணுப்பது நமக்குக் கேட்கின்றது. குறையட்டும். ஆறு மாதம் நடத்திப் பார்ப்போம். மேசைக்கும் கதிரைக்கும் இடம் கொடுப்பவர் யார் என்பதை இன்றைக்கே, இக்கூட்டம் கலையுமுன், தீர்மானித்துவிடும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.