வடகடலின் மணல் உளுவையும் அதன் வாழிடமும்
(தமிழ்க் குடியிருப்பாளர் ஒன்றுகூடலில் நகரசபை மொழிபெயர்ப்பாளர் ஆற்றிய உரை)



கோடை விடுமுறையில் நம்மவர் பலர் பிள்ளைகளுடன் வடகடற்கரைக்குச் செல்வது வழக்கம். அங்கே கடல் வற்றியதும் கண்ணுக்கு எட்டிய தூரம் மணலும் சேறுமே தோன்றும். அது வெறுநிலம் அன்று என்பதை ஒரு சிறு மீனைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

நம் ஊர்க் களப்புகளில் வாழும் உளுவையை நீங்கள் அறிவீர்கள். அக்குடும்பத்தைச் சேர்ந்த மணல் உளுவையை ஜேர்மன் மொழியில் சாண்ட்குறுண்டல் என்பர். அதன் நீளம் பெரும்பாலும் 10 சென்றிமீற்றருக்கு உட்பட்டது. ஆயுளும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. மணலின் நிறமே அதன் நிறமாதலால், அசையாதிருக்கும்போது அதனைக் காண்பது அரிது. சிறு புழுக்களையும் இறால் வகைகளையும் அது உண்கிறது. அதனைக் கொட் மீனும் ஆலாப் பறவையும் உண்கின்றன.

இளவேனிலிலும் கோடையிலும் ஆண் உளுவை, ஆழம் குறைந்த நீரில் கவிழ்ந்து கிடக்கும் மட்டி ஓட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழ் மணலைத் தோண்டி, மேலே மணலைக் குவித்து, ஒரே ஒரு வாயிலை விடுகிறது. பெண் மீன் ஓட்டின் உட்புறத்தில் முட்டைகளை ஒட்டிவிட்டுச் செல்லும். அவை பொரிக்கும் வரை துடுப்பால் நீரை விசிறிக் காவலிருப்பது தந்தையே. நாம் விளையாட்டாகப் புரட்டும் ஓடு, அதற்கு வீட்டின் கூரையாகும்.

இந்த வாழிடத்தைச் சட்டமும் காக்கிறது. வாட்டன்மேர் எனப்படும் இவ்வற்றுக்கடல், சிலெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் 1985இலும், நீடர்சாக்சனில் 1986இலும், ஹம்பேர்க்கில் 1990இலும் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2009இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கூட்டாட்சி இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, காட்டு உயிரினங்களை வேண்டுமென்றே கலக்கமுறச் செய்வதையும், நியாயமான காரணமின்றிப் பிடிப்பதையும், காயப்படுத்துவதையும், கொல்வதையும் தடுக்கிறது. "காட்டு உயிரினம்" என்னும் சொல் மானையும் நரியையும் மட்டுமன்றி, விரல் நீள மீனையும் குறிக்கும். மீன்பிடித்தல் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது. அதற்குப் பொதுவாக அனுமதிச் சான்றிதழ் தேவை. ஆகவே வலையுடன் இறங்குமுன் அவ்விடத்து விதிகளைக் கேட்டறியுங்கள்.

நீங்கள் கைக்கொள்ள வேண்டியவை சிலவே:

நீருக்குள் கவிழ்ந்து கிடக்கும் ஓடுகளைப் புரட்டாதீர்கள். பிள்ளைகள் உளுவையைக் காண விரும்பினால், அசையாது நின்று பார்க்கச் சொல்லுங்கள். வாளியில் அள்ள விடாதீர்கள்.

அறிவிப்புப் பலகைகளில் குறித்த பாதுகாப்பு வலயங்களுக்குள், அனுமதிக்கப்பட்ட வழிகளைத் தவிர வேறிடங்களில் நுழையாதீர்கள்.

வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பாராமல் சேற்றுவெளியில் நடக்காதீர்கள். தொலைவு செல்வதாயின் பயிற்சி பெற்ற வழிகாட்டியுடனேயே செல்லுங்கள். நீர் திரும்பும்போது முதலில் கால்வாய்களே நிரம்பும். கரைக்குத் திரும்பும் வழி அதனால் அடைபடும். ஆபத்தில் 112ஐ அழையுங்கள்.

கடலோரத்தில் வளர்ந்த நமக்கு மீன் என்றதும் முதலில் உணவே நினைவில் எழும், அதில் தவறில்லை. ஆயினும் இக்கரையில் வளரும் நம் பிள்ளைகள், மீனுக்கும் வீடு உண்டென்பதை அறிந்து வளரட்டும்.