அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளும் பின்வந்தோரும்

அவுஸ்திரேலியாவின் வரலாற்றைப் பாடநூல்கள் நெடுங்காலமாகக் கப்டன் குக் என்னும் கடலோடியின் பெயரோடுதான் தொடங்கி வந்தன. 1770ஆம் ஆண்டில் அவருடைய கப்பல் கிழக்குக் கரையை அடைந்தது; 1788இல் ஆங்கிலேயர் குடியேறினர்; அதற்கு முன்னர் அங்கே சொல்லத்தக்கது எதுவும் நிகழவில்லை என்பதுபோல அந்நூல்கள் பேசின. உண்மை இதற்கு நேர்மாறானது. குக் கண்ட கரையில் மனிதர் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்திருந்தனர்.

இதனை விளங்கிக்கொள்ள, நேயர்கள் பனியூழிக் காலத்து நிலப்படத்தை மனக்கண்முன் கொண்டுவருதல் வேண்டும். அக்காலத்தில் நீரின் பெருமளவு நிலத்தின்மீது பனிக்கட்டியாக உறைந்து கிடந்தமையால் கடல் மட்டம் மிகத் தாழ்ந்திருந்தது. நியூகினியும் அவுஸ்திரேலியாவும் தஸ்மேனியாவும் ஒரே நிலமாய் இணைந்திருந்தன. ஆயினும் அந்நிலத்துக்கும் ஆசியாவுக்கும் இடையிலிருந்த ஆழ்கடல் ஒருபோதும் வற்றியதில்லை. தீவுக்குத் தீவு தங்கி வந்தாலும், ஓரிடத்திலேனும் ஏறத்தாழ 90 கிலோமீற்றர் திறந்த கடலைக் கடந்தே ஆகவேண்டும். ஆகவே, முதற் குடிகள் தெப்பமோ தோணியோ செலுத்தத் தெரிந்தவர்கள் என்பது தெளிவு. மனித இனம் மேற்கொண்ட மிகப் பழைய கடற்பயணங்களுள் இதுவும் ஒன்று.

அவர்கள் எப்போது வந்தனர்? வடபகுதியில் ஆர்னெம் நிலத்திலுள்ள மாஜெட்பெபே என்னும் பாறை ஒதுக்கில் தீட்டிய கற்கோடரிகளும் செங்காவியும் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 65,000 ஆண்டுகள் என ஆய்வாளர் 2017இல் அறிவித்தனர். அத்துணைப் பழைமையை ஏற்காது 50,000 ஆண்டளவே கொள்ளும் அறிஞரும் உளர். தென்கிழக்கில் முங்கோ என்னும் வறண்ட ஏரிப்படுக்கையில், ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன் எரியூட்டப்பெற்ற ஒரு பெண்ணின் எலும்புகள் 1968இல் வெளிப்பட்டன. 1974இல் கண்டெடுக்கப்பட்ட ஓர் ஆடவனின் உடல்மீது செங்காவி தூவப்பட்டிருந்தது. அக்காவியை ஏரிக்கரைக்கு யாரோ சுமந்து கொணர்ந்திருக்கிறார்கள். இறந்தோரை முறைப்படி வழியனுப்பிய மக்களை வரலாறு அற்றவர் என்று எவ்வாறு கூறலாம்?

அம்மக்கள் நிலத்தைப் பேணும் முறையையும் அறிந்திருந்தனர். பருவம் பார்த்துச் சிறுசிறு பகுதிகளாகப் புல்வெளிக்குத் தீயிட்டனர். புதிய தளிர் எழ, வேட்டை விலங்குகள் அங்கே திரண்டன. விக்ரோறியா மாநிலத்தின் புஜ் பிம் என்னும் இடத்தில், குண்டிஜ்மாரா மக்கள் எரிமலைக் கற்களால் கால்வாயும் அணையும் அமைத்து விலாங்கு மீன் வளர்த்தனர். 6,600 ஆண்டுப் பழைமையுடைய அவ்வமைப்பு 2019இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆங்கிலேயர் வந்தபோது அக்கண்டத்தில் வழங்கிய மொழிகள் 250க்கு மேற்பட்டவை.

பின்வந்தோருள் ஆங்கிலேயர் முதல்வரல்லர். 1606இல் ஒல்லாந்தரான வில்லெம் யான்சூன் வட கரையில் இறங்கினார். பதினெட்டாம் நூற்றாண்டளவில் சுலவேசித் தீவின் மக்காசர் துறையிலிருந்து பாய்க்கப்பல்கள் ஆண்டுதோறும் ஆர்னெம் நிலக் கரைக்கு வந்தன. அவை நாடி வந்த பொருள் மன்னார்க் கரையோர் நன்கறிந்த கடலட்டை. அதனை அவித்து உலர்த்திச் சீன வணிகருக்கு விற்றனர். கரைவாழ் யோல்ங்கு மக்களுக்குத் துணியும் இரும்புக் கத்தியும் அரிசியும் கிடைத்தன. சச்சரவுகளும் நேர்ந்ததுண்டு. எனினும் மக்காசர் மாலுமிகள் பருவக்காற்று மாறியதும் திரும்பிச் சென்றனர். நிலம் தமதெனக் கொண்டாரல்லர். அவர்கள் விட்டுச்சென்ற புளியமரங்களை இன்றும் அக்கரையிற் காணலாம். பணத்தைக் குறிக்க யோல்ங்கு மொழியில் வழங்கும் ‘ரூப்பியா’ என்னும் சொல்லும் அவர்கள் வழி வந்ததே.

ஆங்கிலேயர் வருகை வேறு வகையினது. அங்கு வாழும் மக்களின் சம்மதத்தோடு நிலத்தை உரிமையாக்குமாறு குக்குக்கு எழுத்து மூலம் கட்டளை தரப்பட்டிருந்தது. அவரோ எவர் சம்மதமும் பெறாமலே, 1770 ஓகஸ்ற் 22ஆம் நாள் கிழக்குக் கரை முழுவதும் தம் மன்னருக்குரியதெனப் பிரகடனம் செய்தார். 1788 ஜனவரி 26ஆம் நாள் ஆதர் பிலிப், கைதிகளை ஏற்றிய கப்பல்கள் உட்பட 11 கப்பல்களோடு வந்து சிட்னியிற் குடியேற்றத்தை நிறுவினார். அடுத்த ஆண்டிலேயே அம்மை நோய் பரவி, சுற்றுப்புற மக்களைப் பெருந்தொகையாக மாய்த்தது. பின்னர் துப்பாக்கியும் ஆட்டு மந்தையும் உள்நாடு புகுந்தன.

1835இல் யோன் பற்மன் என்பவர் இன்றைய மெல்பேண் பகுதியில் குலின் மக்களின் மூத்தோரோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். கம்பளி, கத்தி, கண்ணாடி, மா ஆகியவற்றுக்கு ஈடாக ஏறத்தாழ 600,000 ஏக்கர் என்பது அதன் சாரம். பேரம் நேர்மையானதன்று. ஆயினும் தேசாதிபதி றிச்சட் பேர்க் அதனைச் செல்லாததாக்கியதற்குக் காரணம் அந்த நேர்மையின்மையன்று. நிலம் முடிக்குரியது, ஆதிக்குடிகளுக்கு விற்கும் உரிமையே இல்லை என்பதுதான் அவர் கூறிய காரணம். ஏமாற்றப்படுவதற்கேனும் ஒருவன் உரிமையாளனாக இருத்தல் வேண்டும். அத்தகுதியும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது.

இக்கோட்பாட்டை முறியடித்தவருள் முதன்மையானவர் டொரஸ் நீரிணையிலுள்ள மேர் தீவினரான எடி மாபோ. பல்கலைக்கழகம் ஒன்றில் தோட்டக்காரராய்ப் பணியாற்றிய அவர், தம் மூதாதையர் எல்லைக்கல் நாட்டிப் பயிரிட்ட காணி சட்டப்படி தமதல்ல என்பதை அங்கிருந்த வரலாற்றறிஞர் வாயிலாக அறிந்து திகைத்தார். 1982இல் மேலும் நால்வரோடு வழக்குத் தொடுத்தார். பத்தாண்டுகளின் பின், 1992 ஜூன் 3ஆம் நாள், அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் நீதியரசர் எழுவருள் அறுவர், எவருக்கும் உரித்தற்ற நிலம் என்ற பழைய கொள்கையைத் தள்ளி, முன்னோர் வழி உரிமையை ஏற்றனர். மாபோ அத்தீர்ப்பைக் கேட்கவில்லை. சில திங்களுக்கு முன்னரே இறந்துவிட்டார்.

அத்தீர்ப்பினால் இழந்தன யாவும் மீண்டுவிடவில்லை. அரசு பிறருக்கு முற்றாக உரிமையாக்கிவிட்ட காணிகளில் பழைய உரிமை அழிந்ததாகவே கொள்ளப்பட்டது. ஆதிக்குடிகளின் குரலைப் பாராளுமன்றத்துக்கு எடுத்துரைக்க ஓர் அமைப்பை அரசியல் யாப்பில் ஏற்படுத்தும் முயற்சியும் 2023ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பிற் தோல்வியுற்றது.

இன்று அக்கண்டத்தில் ஐரோப்பியரும் சீனரும் இந்தியரும் இலங்கையரும் வாழ்கின்றனர். வெள்ளையர் அல்லாதாரைத் தடுத்த குடிவரவுக் கொள்கை 1973இல் நீங்கியபின், ஆசியாவிலிருந்து வந்தோர் தொகை பெருகியது. இவர்கள் எவரும் வெறுமையான நிலத்துக்கு வந்தவரல்லர். புகுந்த நாட்டில் முன்பே வாழ்ந்தவர் யார், அவர் மொழி யாது, அவர் அந்நிலத்துக்கு இட்ட பெயர் யாது என்று கேட்டறிதல் பின்வந்தோர் அனைவருக்கும் உரிய கடன். அக்கேள்வியை முதலில் வந்த ஆங்கிலேயர் கேட்கவில்லை. அதன் விளைவைச் சீர்செய்யச் சட்டம் எடுத்துவைத்த முதற் பேரடிக்கே இருநூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன.