தோற்பதற்கு ஓர் ஆட்டமா?



அடுத்த சுற்றில் எளிய எதிரி கிடைப்பானென்று கால்பந்துக் கட்சியார் வேண்டுமென்றே தோற்பது புத்திசாலித்தனந்தானே என்று சிலர் நம்மைக் கேட்கிறார்கள். 1998-ல் வியட்நாமில் நடந்த டைகர் கோப்பைப் பந்தயத்தைப் பாருங்கள். தாய்லாந்தும் இந்தோனேசியாவும் தங்களுக்குள் மோதுமுன்பே அரையிறுதிக்குத் தேறிவிட்டன. ஜெயிப்பவர் வியட்நாமை அதன் சொந்த மண்ணில் சந்திக்கவேண்டும், தோற்பவருக்குச் சிங்கப்பூர். ஆகவே இருவருக்கும் தோல்வியின்மேல் ஆசை! கடைசியில் ஓர் இந்தோனேசிய ஆட்டக்காரர் தம் கோலிலேயே பந்தை அடித்து, 3-2 என்று தாய்லாந்தை ஜெயிக்க வைத்தார்.

கண்ட பலன் என்ன? இரு கட்சியாரும் அரையிறுதியில் தோற்றார்கள். எளியதென்று எண்ணப்பட்ட சிங்கப்பூரே கோப்பையைக் கொண்டுபோயிற்று. இருவருக்கும் அபராதம், அந்த ஆட்டக்காரருக்கோ சர்வதேச ஆட்டத்தில் ஆயுள் தடை. பார்க்க வந்த ஜனங்கள் ஏமாந்ததுதான் மிச்சம்.

ஆனால், ஆட்டக்காரரை மட்டும் வைது பிரயோஜனமில்லை. தோற்பவனுக்கு லாபம் வைத்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் யார்? 1982-ல் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஒப்புக்கு ஆடி ஒருங்கே தேறியதைக் கண்டபின், 1986 முதல் உலகக் கோப்பையில் ஒவ்வொரு பிரிவின் கடைசி ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் வைத்தார்கள். ஆட்ட விதி ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல, மனிதன் செய்தது. கெட்டதானால் மனிதனே மாற்றவேண்டும். அதுவரை ஜெயிக்கவே ஆடுவதுதான் நாணயம் என்பது நமது அபிப்பிராயம்.