குருதிப் பூச்சின் சாட்சியம்



‘கன உலோக மாசும் நன்னீர் மீன்களின் குருதியும்’ என்பது இம்மாநாட்டின் பொருள். ஈயம் ஹீமோகுளோபின் உருவாக்கத்தைத் தடுப்பதும், காட்மியம் சோகையை உண்டாக்குவதும், செம்பு செவுளைச் சிதைப்பதும், கடின நீரில் இவற்றின் நச்சு தணிவதும் நீங்கள் அறிந்தவை. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் அறிவீர்கள். அமர்வுகள் இவற்றை விரிவாகப் பேசும். நான் ஒரு பழைய விவாதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

உலோகம் கலந்த நீரில் சில நாள் இருந்த மீனுக்கு ஹீமட்டோகிரிட், அதாவது குருதியில் சிவப்பணுக்களின் பங்கு, உயர்ந்தால், ‘மீன் தகவமைந்துவிட்டது’ என்று எழுதிவருகிறோம். இக்கருத்தை நெடுங்காலம் வலியுறுத்திவரும் மூத்த அறிஞர் இங்கே வந்திருக்கிறார். அவர் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. செவுள் கெட்டு மூச்சுத் திணறும் மீனின் மண்ணீரல் சுருங்கி, சேமித்த சிவப்பணுக்களை வெளியேற்றும். அட்ரினலின் அந்த அணுக்களை வீங்கவும் வைக்கும். வலையில் துரத்திப் பிடித்தாலே சில நிமிடங்களில் இதே உயர்வு வந்துவிடும். அப்படியானால் நாம் அளந்தது உலோகத்தின் விளைவையா, மீன் பட்ட அச்சத்தையா? காற்றையும் சுவாசிக்கும் குரவையையும் செவுளையே நம்பியிருக்கும் கெண்டையையும் ஒரே அட்டவணையில் வைத்து முடிவு சொல்வது குழப்பத்தைக் கூட்டுகிறது.

ஹீமோகுளோபின் அளவீட்டிலும் சிக்கல் உண்டு. மீனின் சிவப்பணுவில் உட்கரு இருக்கிறது. அணுவை உடைத்து நிறமானியில் வைத்தால் உட்கருக்கள் கலங்கலாக நின்று அளவைக் கூட்டிக் காட்டும். மையவிலக்கில் சுழற்றி அவற்றை நீக்கியதாகச் சொல்லும் கட்டுரைகள் குறைவு. மனிதக் குருதிக்கு வகுத்த செய்முறையை அப்படியே கடைப்பிடிப்பதால் வரும் கேடு இது.

இந்த விவாதத்தைத் தீர்க்கும் சான்று நம் ஆய்வகங்களிலேயே இருந்தும் புறக்கணிக்கப்படுகிறது. அது கண்ணாடித் தகட்டில் இழுத்துச் சாயமேற்றிய குருதிப் பூச்சு. உடல் புதிய அணுக்களை உண்டாக்கியிருந்தால் முதிராத, உருண்ட சிவப்பணுக்கள் அதில் பெருகியிருக்கும். மண்ணீரல் மட்டும் வெறுமையாகியிருந்தால் முதிர்ந்த நீள்வட்ட அணுக்களே பெரிதும் தெரியும். நுண்கருக்கள் மரபணுச் சேதத்தைக் காட்டும். ஈயத்துக்கோ இன்னும் கூர்மையான சான்று உண்டு: ஹீமோகுளோபின் உருவாக்கத்துக்கு வேண்டிய, சிவப்பணுவிலுள்ள அலாட் (ALAD) நொதி முடங்குவதை 1970களிலேயே கனடாவில் பீட்டர் ஹாட்சன் வானவில் ட்ரௌட் மீனில் காட்டினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்தும் நாம் வெறும் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறோம்.

ஆகவே அவைமுன் ஒரு வேண்டுகோள். மீனைப் பிடித்ததற்கும் குருதி எடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம், உறைதல் தடுப்பான், நீரின் கடினத்தன்மை ஆகிய மூன்றும் இல்லாத கட்டுரையை நம் இதழ்கள் ஏற்க வேண்டாம். பூச்சுத் தகடுகளைப் பிறரும் பார்க்கும்படி காப்பகத்தில் வைப்போம். மாசுபட்ட ஆற்றுக்காக வழக்காடுவோர் நம் எண்களைத்தான் ஆதாரமாக நீட்டுகிறார்கள். குறுக்கு விசாரணையில் உடைந்துபோகும் எண்ணை அவர்கள் கையில் கொடுப்பது அந்த ஆற்றுக்கே நாம் செய்யும் தீங்கு.