முந்திரி இல்லாத முந்திரிக்கொத்து

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடைவிடாது கூடி வருவது எளிய செயலன்று. கூட்டத்திற்கு வருவோர் சில மாதங்களில் முப்பதுபேர், சில மாதங்களில் மூவர். மூவர் வந்த நாளிலும் கூட்டத்தை நடத்தியவர்களால்தான் இன்று இந்த மலர் மலர்கிறது. அவர்களுக்கு முதலில் என் நன்றி.

இளமை நினைவுகளும் கவிதையும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். பரந்த பொருள். அதைச் சுருக்கி ஒரு பலகாரத்துக்குள் அடக்கிக்கொள்ள உங்கள் இசைவை வேண்டுகிறேன். குமரி மாவட்டத்து வீடுகளில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குச் செய்யப்படும் முந்திரிக்கொத்தே அப்பலகாரம்.

இலக்கிய மேடையில் தின்பண்டம் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். எங்கள் நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்த கவிமணி, மருமக்கள்வழி மான்மியத்தை ஒரு குடும்பப் பெண்ணின் வாய்மொழியாகவே அமைத்தார். வீட்டுக்குள் புழங்கும் சொற்களைக் கொண்டே ஒரு சமூக வழக்கத்தை ஆட்டங்காண வைத்தார். அடுக்களைத் தமிழுக்கும் கவிதைத் தகுதி உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தமிழில் கிறித்தவ இலக்கியத்துக்குப் பெருமைகள் பல. வீரமாமுனிவரின் தேம்பாவணி 1726-இல் நிறைவுற்றது. 3615 பாடல்கள் கொண்டது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேமைக் குறவஞ்சிக்குள் கொண்டுவந்தார். குழந்தை இயேசு பிறந்த தொழுவத்தை நம் புலவர்கள் செம்மையாகப் பாடியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிறப்பைக் கொண்டாட ஓர் ஓலைக் குடிசையில் அடுப்பு எரிந்ததை, அந்த அடுப்பின்முன் அமர்ந்திருந்தவளைப் பாடிய கவிதைகள், நான் படித்த அளவில், மிகச் சிலவே. நான் பேச வந்தது அந்தக் குறையைப் பற்றி.

நான் பிறந்தபோது எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. என் கிறிஸ்துமஸ் நினைவுகள் அதற்கு அடுத்த சில ஆண்டுகளைச் சேர்ந்தவை. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3-இல் முடியும். அதிலிருந்து எங்களுக்கு நாள் எண்ணத் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை முற்றும் ஓய்ந்திராத காலம் அது. மூங்கில் கீற்றைப் பிளந்து நட்சத்திரம் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே சிறு விளக்கை வைத்துத் தென்னையில் ஏற்றுவோம். இரவு மழை வந்தால் தாள் கிழிந்துவிடும். காலையில் மீண்டும் ஒட்டுவோம்.

நள்ளிரவுப் பூசை அப்போது இலத்தீனில் நடந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முடிவுகளுக்குப் பிறகே பீடத்தில் தமிழ் ஒலித்தது. ஆகவே, எங்கள் குழந்தைப் பருவத்தில் பண்டிகையின் உச்சமான நேரம் எங்களுக்குப் புரியாத மொழியில் கழிந்தது. தூக்கம் கண்ணைச் சுழற்றும், மணி அடிக்கும், முழந்தாளிடுவோம். பண்டிகை எங்களுக்குப் புரிந்த மொழியில் நடந்த இடம் ஒன்றே ஒன்று. அது அடுக்களை.

முந்திரிக்கொத்துச் செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுபயற்றை மணம் வரும்வரை வறுத்துத் திருவையில் இட்டு உடைப்பார்கள். சுளகில் புடைத்துத் தோலை நீக்கிக் கரகரப்பாகப் பொடிப்பார்கள். தேங்காய்த் துருவலை ஈரம் போக வறுத்துச் சேர்ப்பார்கள். எள்ளும் ஏலமும் சுக்கும் உடன் சேரும். கருப்பட்டியையோ சர்க்கரையையோ பாகு காய்ச்சி அதில் ஊற்றிக் கிளறிச் சூட்டோடு சிறு நெல்லிக்காய் அளவில் உருண்டை பிடிப்பார்கள். எங்கள் ஊரில் சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளையாக இருப்பது சீனி. உருண்டைகள் ஓரிரவு உலர்ந்து இறுகும். மறுநாள் பச்சரிசி மாவில் சிறிது உப்பும் மஞ்சளும் சேர்த்துக் கரைத்து, உருண்டைகளை மும்மூன்றாக அதில் முக்கித் தேங்காய் எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். ஈரம் இல்லாததால் புத்தாண்டு வரையிலும் கெடாது.

இதில் முந்திரிப்பருப்பு எங்கே என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். இல்லை. பெயரில் உள்ள முந்திரி அந்தப் பருப்பன்று. திராட்சைக்குத் தமிழில் கொடிமுந்திரி என்றும் முந்திரிகை என்றும் பெயர் உண்டு. மலையாளத்தில் இன்றும் திராட்சைக்கு முந்திரி என்பதே வழக்கு. மூன்று உருண்டைகள் ஒட்டிக்கொண்டு பொன்னிறமாக எண்ணெயிலிருந்து வெளிவரும்போது அவை திராட்சைக் கொத்துப் போலத் தோன்றும். அதனால் முந்திரிக்கொத்து. இன்று நாம் முந்திரி என்னும் பருப்பு, பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியரோடு வந்த மரத்தின் கொட்டை. அதற்கு எங்கள் ஊரில் கொல்லாங்கொட்டை, அண்டிப்பருப்பு என்று வேறு பெயர்கள் இருந்தன. ஆகவே எங்களுக்குக் குழப்பம் இல்லை.

திராட்சைத் தோட்டம் ஒன்றைக்கூடக் கண்டிராத பெண்கள், திராட்சையின் பழம்பெயரை ஒரு பயற்றுப் பலகாரத்தில் பொதிந்து தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்திருக்கிறார்கள். அகராதியில் ஒரு சொல் தூங்கிக்கொண்டிருக்கலாம். அடுக்களையில் அது தூங்க முடியாது. ஆண்டுக்கொருமுறையேனும் எழுந்து வேலை செய்தாக வேண்டும். கீழ்வாய் இலக்கம் படித்தவர்களுக்கு முந்திரி என்றால் 1/320 என்பதும் நினைவுக்கு வரும். அத்தனை சிறிய பின்னத்துக்கும் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். சிறியதற்குப் பெயரிடுவது கவிஞனின் தொழிலும் ஆகும்.

இனி, நினைவு இனிக்கிறது என்பதற்காக நாம் விட்டுவிடக்கூடாத மறுபக்கம்.

கொல்லாங்கொட்டையை உடைக்கும் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் அண்டியாபீஸ் என்பார்கள். என் அம்மை அங்கே வேலை செய்தாள். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் விரல் நுனிகள் கறுத்து உரிந்துபோகும். ஆண்டு முழுவதும் பருப்பை முழுசாக எடுத்துக் கொடுத்த அந்தக் கைக்கு, ஒரு பிடிப் பருப்பு வாங்கிப் பாயசத்தில் போட வசதியில்லை. உரிந்த அதே விரல்களால்தான் டிசம்பர் மாதத்தில் அவள் சூடான பாகு உருண்டைகளைப் பிடித்தாள். "ஆறினா பிடிக்க வராது மக்களே, தள்ளி இரி" என்பாள். சூடு ஆறும்வரை காத்திருந்தால் உருண்டை உதிரும். காத்திராவிட்டால் கை வேகும். இந்த இரண்டுக்கும் நடுவே இருந்தது எங்கள் பண்டிகை.

இன்னொன்று. பொரித்தெடுத்தவற்றில் முழுசாக இருப்பவை ஓலைப்பெட்டிக்குப் போகும். உடைந்தவை எங்களுக்கு. முழுசானவை பிறர்க்குக் கொடுப்பதற்கு உரியவை. ஞானப்பெற்றோர் வீடு, அத்தை வீடு, உபதேசியார் வீடு, அக்கம்பக்கம் என்று கணக்கு உண்டு. ஆகவே என் நாவில் இன்றும் நிற்பது உடைந்த முந்திரிக்கொத்தின் சுவைதான். மாவுத்தோல் விலகி எண்ணெயில் கருகிய பயற்றின் சிறு கசப்பும் அதில் உண்டு. கிறிஸ்துமஸ் நினைவு என்று எழுதும்போது அந்தக் கசப்பைத் துடைத்துவிட்டு எழுதினால், அது என் நினைவாகாது, வாழ்த்து அட்டையாகிவிடும்.

மூன்று உருண்டைகள் ஒன்றாய் ஒட்டியிருப்பதைக் கண்டு, மூவொரு கடவுளின் அடையாளம் என்று பாட ஒரு கவிஞருக்குத் தோன்றலாம். தோன்றினால், பேனாவைச் சற்று நிறுத்திவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். இதே முந்திரிக்கொத்தை, இதே மூன்று உருண்டைகளாக, எங்கள் அடுத்த வீட்டு இந்துக் குடும்பத்தார் தீபாவளிக்குச் செய்வார்கள். கல்யாணங்களுக்கும் செய்வார்கள். எங்கள் பலகாரம், அவர்கள் பலகாரம் என்று இரண்டு இல்லை. அவர்கள் தட்டு ஐப்பசியில் வரும். எங்கள் தட்டு மார்கழியில் போகும். தட்டைக் கொடுக்கும்போது, குறை சொல்லிக் கொடுப்பதே முறை. "பாகு கொஞ்சம் முறுகிப்போச்சு", "இந்தத் தடவ பயறு சரியில்ல" என்று சொல்ல வேண்டும். வாங்குபவர் அதை மறுக்க வேண்டும். இதுவும் ஒருவகை அந்தாதிதான். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்குவார்.

1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட கலவரம் கடற்கரை ஊர்கள் பலவற்றுக்கும் பரவியதை இங்குள்ள மூத்தோர் அறிவர். துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின, பின்னர் விசாரணை ஆணையமும் அமைந்தது. எங்கள் தெருவில் ஒரு கல்லும் விழவில்லை. ஆனால் பேச்சு நின்றது. கிணற்றடியில் ஒருவர் வாளியை எடுக்கும்வரை மற்றவர் தள்ளி நின்றார். அவ்வாண்டு தீபாவளி நவம்பரில் வந்தது. நான் விடுமுறையில் ஊரில் இருந்தேன். வழக்கமாகக் காலையிலேயே பிள்ளைகள் கையில் வந்துவிடும் தட்டு, அன்று வரவில்லை. அம்மை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று அவள் வாசற்பக்கம் போனதே இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த வீட்டு அக்காள் தானே வந்தார். பிள்ளைகளை அனுப்பவில்லை. வாழையிலை மூடிய தட்டை நீட்டி, "சர்க்கரை இந்தத் தடவ கொஞ்சம் கூடிப்போச்சு மைனி" என்றார். "உன் கைக்கு எப்பம் கூடியிருக்கு?" என்றாள் அம்மை. அவ்வளவுதான். கலவரம் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்தக் கிறிஸ்துமசுக்கு அம்மை தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். எட்டு மாதங்களாக நின்றிருந்த பேச்சை மீண்டும் தொடங்குவதற்கு அவர்களிடம் ஒரு வாசகம் ஆயத்தமாக இருந்தது. வழிவழியாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த, எவரும் பொருட்படுத்தாத வாசகம். சமாதானக் கூட்டங்களில் பேசப்பட்ட நல்லுரைகளை நான் குறைத்து மதிக்கவில்லை. எங்கள் தெருவில் வேலை செய்தது அந்த ஒரு வரி. அதைச் சொல்லத் தட்டோடு வந்தவரின் துணிவும், அதை மறுத்துச் சொன்னவளின் மனமும் அதற்குப் பின்னால் நின்றன.

கவிஞர் பெருமக்களே! நான் சொல்ல வந்தது இதுவே. பண்டிகை நினைவுகளை எழுதும்போது நாம் பெரும்பாலும் ஏக்கத்தை எழுதுகிறோம். ஏக்கம் எல்லார்க்கும் பொது. அதனால் கவிதைகளும் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. பொருளை எழுதுங்கள், அதன் பெயரை எழுதுங்கள். யார் கை வெந்தது, யாருக்கு முழுசு, யாருக்கு உடைசல், தட்டை நீட்டும்போது என்ன சொன்னார்கள் என்பதை எழுதுங்கள். முந்திரிக்கொத்து இன்று கடைகளில் ஆண்டு முழுவதும் நெகிழிப் பைகளில் கிடைக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. பல பெண்களுக்கு அது பிழைப்பு. ஆனால் கடையில் வாங்கும்போது "சர்க்கரை கூடிப்போச்சு" என்று எவரும் எவரிடமும் சொல்வதில்லை. பலகாரம் பிழைத்துக்கொள்ளும், அந்த வாசகம் பிழைக்குமா என்பதே என் கவலை. அதைக் காப்பாற்றும் இடம் கவிதைதான்.

இந்த வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பண்டிகைச் சொல் ஒன்றைக் கொண்டுவாருங்கள். ரமலான் கஞ்சிக்கு உங்கள் தெருவில் சொல்லும் சொல்லாகவும் இருக்கலாம். பொங்கல் அடுப்புக்கட்டியின் பெயராகவும் இருக்கலாம். அதைச் சொன்னவர் யார், எந்த நேரத்தில் சொன்னார் என்பதையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். வட்டத்தில் ஒரு குறிப்பேடு வைத்து எழுதுவோம். கவிதையாகிறதா இல்லையா என்பதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.