பழைய உழவு யந்திரமும் எங்கள் குடும்பமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவின்போது தோப்பூரில் நிகழ்த்திய உரை)



பொழுதுபோக்கு என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் எங்களைக் கேட்டுக்கொண்டார். தபால் முத்திரை சேர்ப்பவருக்கு ஒரு கொப்பி போதும். நாங்கள் சேர்க்கும் பொருளுக்கோ வீட்டு முற்றமே போதவில்லை. நாங்கள் என்றால் தந்தையார், தாயார், பிள்ளைகள் மூவர். சேர்ப்பது பழைய உழவு யந்திரங்கள். இதுவரை சேர்ந்தவை இரண்டரை. அந்த அரை எது என்பதைப் பின்னர் சொல்லுகின்றோம்.

முதலாவது, 1960களின் இறுதியில் எங்கள் அப்பப்பா பழையதாக வாங்கிய மாசி பேர்குசன் 35. அதன் சரித்திரம் இங்கிருக்கும் பெரியோர் பலருக்கு எங்களிலும் நன்றாகத் தெரியும். பெரும்போகத்தில் வயலை உழுதது. அறுவடை முடிந்தால் களத்தில் வட்டமிட்டுச் சூடடித்தது. வெருகல் திருவிழாவுக்குப் பெட்டி நிறையச் சனத்தை ஏற்றிச் சென்றது. கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009 ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன் திருகோணமலைக்குப் போவதென்றால் துறையிலே பாதையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பாதை அசையும்போது அப்பப்பா இறங்கமாட்டாராம். ஆசனத்திலேயே இருந்து பிறேக்கை மிதித்தபடி அக்கரை சேருவாராம்.

2006 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் மூதூர்ப் பகுதியில் சண்டை மூண்டபோது கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினோம். யந்திரம் வயற்கரைக் கொட்டிலில் நின்றது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தால் பற்றறி இல்லை, றேடியேற்றர் இல்லை, டீசல் பம்பும் இல்லை. பம்ப் இருந்த துளை வழியே இரண்டு மாரி மழையும் உள்ளே போயிருந்தது. பழைய இரும்பு வாங்குபவர் வந்து சுற்றிப் பார்த்து, ஏறக்குறைய ஒன்றரைத் தொன் வரும் என்று கணக்குச் சொன்னார். வீடு கூரையில்லாமல் நின்ற காலம் அது. தந்தையார் சம்மதித்துவிட்டார். தாயார்தான் மறுத்தார். மூத்த பிள்ளை பிறக்கவிருந்த இரவில், வெள்ளத்தினால் வேறெந்த வாகனமும் வராதபோது, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றது இந்த யந்திரத்தின் பெட்டியே. "கூரை இல்லாமல் இன்னும் ஒரு மாரி இருப்பேன், இதை நிறுத்து விற்கவேண்டாம்" என்றார். அப்படியே ஒரு மாரி இருந்தோம். தந்தையார் இதை இன்றும் பெருமையாகச் சொல்வதில்லை. எங்களுக்கோ சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பதின்மூன்று ஆண்டுகள் அது முற்றத்தில் துருவேறி நின்றது. 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டில் அடைபட்டபோதுதான் வேலையைத் தொடங்கினோம்.

இறுகிப்போன இஞ்சினைப் பலவந்தமாகச் சுழற்றக்கூடாது என்பது முதற் பாடம். அதை நாங்கள் கற்றது பிழை செய்தபின்பே. சிலிண்டருக்குள் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, இரண்டு கிழமை சும்மா விடும்படி கராச் காக்கா சொல்லியிருந்தார். இளையவன் நான்காம் நாளே பொறுமையிழந்து சுத்தியலைத் தூக்கினான். தலைமூடியைப் பிடித்திருந்த ஆணியொன்று முறிந்தது. அதைத் துளைத்தெடுக்க ஒரு மாதம் போயிற்று. காக்கா வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இரும்புக்கு அவசரம் கிடையாது" என்று மட்டும் சொன்னார். பின்னர் கியரில் போட்டு, பின்சில்லைப் பிடித்து முன்னும் பின்னுமாகத் தினந்தோறும் சிறிது அசைத்தோம். ஒரு நாள் மாலை அரை அங்குலம் நகர்ந்தது. அன்று வீட்டில் பாயாசம்.

உதிரிப் பாகங்களுக்கு அவ்வளவு கஷ்டம் இருக்கவில்லை. இதிலுள்ள மூன்று சிலிண்டர்ப் பேர்க்கின்ஸ் இஞ்சின் 1959 ஆம் ஆண்டின் இறுதியில் இந்த யந்திரத்துக்கு வந்தது. அதற்கு முன்பு பூட்டிய நான்கு சிலிண்டர் டீசல் இஞ்சின் குளிரில் இலகுவில் உயிர்கொள்ளாது என்று சீமையிலே குறை சொன்னார்களாம். தோப்பூரில் அந்தக் குறையை யார் கண்டார்! சென்னையில் 1960 இல் தோன்றிய டாஃபே நிறுவனமும் இதே குடும்பத்து யந்திரங்களைச் செய்து வந்தபடியால் றிங், சிலீவ் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன.

இவ்விடத்தில், யந்திரத்தில் பெயராக நிற்கும் அந்த மனிதரைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதி வேண்டுகின்றோம். ஹரி பேர்குசன் 1884 இல் அயர்லாந்தில் ஒரு கமக்காரர் வீட்டிலே பிறந்தவர். 1909 டிசம்பர் 31 ஆம் திகதி, தாமே செய்த விமானத்தில் அயர்லாந்தில் முதன்முதலாகப் பறந்தவர். பிறகு அவர் மனம் வயலுக்கு இறங்கியது. அந்நாளில் கலப்பையை யந்திரத்தின் பின்னால் வண்டி போலக் கட்டி இழுத்தார்கள். கலப்பை ஒரு வேரில் மாட்டினால் யந்திரத்தின் முன்பக்கம் மேலெழுந்து ஓட்டுபவர்மேலே கவிழும். அப்படி இறந்தவர் பலர். பேர்குசன் கலப்பையை, கீழே இரு கைகள், மேலே ஒரு கம்பி என மூன்று இடங்களிற் பிணைத்தார். மண் இறுகி இழுவை கூடினால் மேற்கம்பி முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலை உணர்ந்து எண்ணெய் அழுத்தம் கலப்பையைச் சற்றே தூக்கும். கலப்பையின் பாரம் பின்சில்லில் இறங்கி அது மண்ணைப் பற்றும். ஆகவே பாரமான யந்திரம் வேண்டியதில்லை. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் உற்பத்தியான அவருடைய சிறிய சாம்பல்நிற யந்திரங்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவ்வகை யந்திரங்களிலேயே ஹில்லறி குழுவினர் 1958 ஜனவரி 4 ஆம் திகதி தென் துருவத்தை அடைந்தனர். இன்று உலகெங்கும் உழும் யந்திரங்களின் பின்புறத்தைப் பாருங்கள்; அந்த மூன்று இணைப்பும் அங்கே நிற்கும். எங்கள் பிள்ளைகள் இதைப் புத்தகத்தில் அல்ல, கைகளைக் கிறீஸில் நனைத்துக்கொண்டு அறிந்தார்கள்.

வர்ணம் பூசும் கட்டத்தில் வீடு இரண்டுபட்டது. பேர்குசன் 35 முதலிற் சாம்பலும் பொன்னிறமுமாக வந்து, 1957 இன் இறுதியில் சிவப்புக்கு மாறியது. எங்களுடையது சிவப்பு. தொழிற்சாலையிலிருந்து வந்தது போலப் பளபளக்க வேண்டும் என்றார் தந்தையார். கடைக்குட்டி மகள் ஒப்பவில்லை. அப்பப்பாவின் கை பட்டுப் பட்டு வழவழப்பான ஸ்டியரிங்கையும், அவர் கையாலே பெயரெழுதிய இடப்பக்க மட்காட்டையும் தொடக்கூடாது என்று நின்றாள். மூன்று நாள் வாக்குவாதம். முடிவில் அவை இரண்டும் பழையபடியே விடப்பட்டன. பார்க்க ஒட்டுப் போட்ட சட்டை போலத்தான் இருக்கிறது. எங்களுக்கு அது பிடித்திருக்கிறது.

வேலை முடிந்ததோ 2022 ஆம் ஆண்டு நடுப்பகுதியில். நாட்டில் டீசல் இல்லை! யந்திரம் ஆயத்தம், ஊற்றுவதற்கு ஒரு துளி கிடையாது. வரிசையில் நின்று பெற்ற டீசலில் இரண்டு போத்தலை அயல்வீட்டு அண்ணர் தந்தார். குழாயிலிருந்த காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணினோம். முதலிற் கரும்புகை, பிறகு மூன்று சிலிண்டருக்கே உரிய அந்தத் தட்டுத் தட்டென்ற சத்தம். தாயார் குசினியிலிருந்து வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் கேட்டு, யந்திரத்தைக் கும்பிடும் கூட்டம் என்று எங்களை எண்ணிவிடவேண்டாம். கொட்டியாரப் பற்றில் எருமை மிதித்துச் சேறாக்கிய வயல்களைப் பெரியோர் கண்டிருக்கிறார்கள். யந்திரம் வந்தபின் அந்தப் பட்டிகள் குறைந்தன. மேய்த்தவர்களின் பிழைப்பும் குறைந்தது. நம் நாட்டு றே விஜேவர்தன என்னும் பொறியியலாளரை இங்கே நினைவுகூரவேண்டும். 1950களில் லான்ட்மாஸ்டர் என்ற இருசில்லு யந்திரத்தை உருவாக்கியவர் அவர். இங்கிலாந்திலே அது உற்பத்தியானது. இன்று எந்தக் கம்பனியின் இருசில்லு யந்திரத்தையும் நாம் "லான்ட்மாஸ்டர்" என்றே அழைக்கிறோமே, அப்பெயர் வந்த வழி அதுவே. அவரும் விமானம் செய்து பறந்தவர். 2010 இல் காலமான அப்பெரியார், தாம் செய்தது விவசாயத்தை அல்ல, எருமையை யந்திரமயமாக்கியதே என்று பிற்காலத்தில் தம்மையே குறைகூறிக்கொண்டார். எருமை கன்று ஈனும், எரு தரும். யந்திரம் இரண்டும் தராது. தாம் பெற்ற பிள்ளையின் குறையைத் தாமே சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு?

எங்கள் அரை யந்திரம் அவருடைய அந்த லான்ட்மாஸ்டர்தான். இஞ்சின் இல்லை, கைப்பிடியும் கியர்ப்பெட்டியும் மட்டும் இருக்கின்றன. இரண்டாவது, கிளிவெட்டிப் பக்கத்தில் கோழி அடைந்துகொண்டிருந்த சாம்பல்நிறப் பேர்குசன். கோழிகளுக்கு வேறு கூடு கட்டிக் கொடுப்பதாக வாக்களித்தே அதைப் பெற்றோம்; கூடு கட்டியாயிற்று, யந்திரம்தான் இன்னும் உயிர்பெறவில்லை.

இங்கிலாந்தில் பழைய உழவு யந்திரங்களுக்கென்றே 1965 ஆம் ஆண்டில் ஒரு தேசியக் கழகம் தொடங்கினார்கள். அங்கே அவற்றைக் கண்காட்சியில் நிறுத்துகிறார்கள். இங்கே லொறியில் ஏற்றி நிறுத்து விற்கிறோம். வறுமையில் விற்பவரை நாங்கள் குறைசொல்லவில்லை. நாங்களும் விற்க இருந்தவர்களே. விற்பதற்கு முன் எங்களுக்கு ஒரு சொல் சொல்லியனுப்புங்கள். வாங்கப் பணம் இல்லாவிட்டாலும் படம் எடுத்து, தகட்டிலுள்ள இலக்கத்தையும், ஓட்டியவர் பெயரையும், எந்த வட்டையில் உழுதது என்பதையும் எழுதி வைத்துக்கொள்வோம். அந்தக் கொப்பியில் இதுவரை பதினொரு யந்திரங்கள் ஏறியிருக்கின்றன. அவற்றுள் நான்கு இப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளிற் காலை எட்டு மணி தொடக்கம் முற்றத்தில் வேலை நடக்கும். வாலிபர்கள் வரலாம், பெண்பிள்ளைகளும் வரலாம், எங்கள் வீட்டில் வால்வு இடைவெளி சரிபார்ப்பதே ஒரு பெண்பிள்ளைதான். பெரியோர் வந்து கதிரையில் இருந்து பிழை சொன்னாலே போதும். வருபவர்கள் பதினாறில் ஒன்பது அங்குல ஸ்பானர் இருந்தால் கொண்டுவாருங்கள். எங்களுடையதை இச்சபையில் உள்ள ஒருவர் சென்ற தைப்பொங்கலுக்கு இரவல் வாங்கினார்; பெயர் சொல்லவில்லை.